மழை நாளில் பொரியும் மைக்: சிங்கப்பூரில் வால்வு கண்டென்சர் கட்டுவோருக்கு

வெற்றிடக் குழாய், அதாவது வால்வு, வைத்த கண்டென்சர் மைக்குக்கான சுற்றுப்படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை குளிர்நாட்டு மேசையில், உலர்ந்த காற்றில் சோதிக்கப்பட்டவை. அதே படத்தை வைத்து ஈசூனிலோ பிடோக்கிலோ ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கட்டிப் பாருங்கள். பிற்பகலில் அருமையாகப் பாடும். அதிகாலை சுமத்ரா மழை அடித்து ஓய்ந்த பிறகு அதே மைக் எண்ணெய்ச் சட்டியில் கடுகு விழுந்ததுபோல் பொரியும். வால்வை மாற்றுவோம், ஒலியைப் பிடிக்கும் கேப்சூலைச் சந்தேகிப்போம், டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டுவோம். குற்றவாளி பெரும்பாலும் இவற்றில் எதுவும் இல்லை. கேப்சூலுக்கும், சமிக்ஞையை வாங்கும் வால்வு முனையான கிரிட்டுக்கும் இடையே உள்ள இரண்டு அங்குல இடம்தான்.

இங்கே விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். நீடித்த மழையில் 100ஐத் தொடும். மைக் காலையில் அடம்பிடித்து மதியம் திருந்தினால் அதற்கு வேறு மர்மம் தேட வேண்டாம்.

கணக்கு இதுதான். பெரிய டயாஃபிரம் (ஒலியில் அதிரும் மெல்லிய படலம்) உள்ள கேப்சூலின் கொள்ளளவு சுமார் 60 பிகோஃபாரட். அதற்கு 60 வோல்ட் ஊட்டும் ரெசிஸ்டர் 1 ஜிகாஓம், கிரிட்டிலிருந்து தரைக்கு (சுற்றின் பூஜ்ய வோல்ட் புள்ளிக்கு) இன்னொரு 1 ஜிகாஓம். சமிக்ஞைக்கு இரண்டும் இணையாகத் தெரிவதால் 500 மெகாஓம். 60 பிகோஃபாரட்டுடன் சேரும்போது மைக் பிடிக்கும் அதிர்வெண்ணின் கீழ் எல்லை சுமார் 5 ஹெர்ட்ஸ். இப்போது கைரேகை எண்ணெயோ சால்டர் ஃபிளக்ஸ் கறையோ ஈரத்தை உறிஞ்சி 10 மெகாஓம் கசிவை உண்டாக்கினால் அந்த எல்லை 270 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். அதைவிட மோசமானது இரைச்சல். கேப்சூலோடு இணைந்த தடை குறையக் குறைய அதன் வெப்ப இரைச்சல் நாம் கேட்கும் பகுதிக்குள் ஏறும். 500 மெகாஓம் 10 ஆகும்போது இரைச்சல் 7 மடங்கு, அதாவது 17 டெசிபல் கூடுகிறது. கசிவு ஒரே சீராகவும் இருக்காது, துள்ளும். அந்தத் துள்ளல்தான் நாம் கேட்கும் 'பட் பட்'.

எனவே இந்த மைக்கைக் கட்டுவதில் முக்கால் பங்கு வேலை, மின்காப்பு வேலை.

சுற்று

முதல் மைக்குக்கு 6ஜே1 போதும். 6ஏகே5, 5654, இஎஃப்95 எல்லாம் இதற்கு நிகரானவை. ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகலாம். ஏழு முள், 6.3 வோல்ட் ஹீட்டர், 0.175 ஆம்பியர். விலை மலிவு என்பதால் ஐந்தாறு வாங்கிப் பொறுக்கி எடுக்க முடியும். அதுவே பெரிய காரணம். பெயர்பெற்ற வால்வுக்குக் காசைக் கொட்டிவிட்டு ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு முழிப்பதில் பொருளில்லை.

இது ஐந்து மின்முனை கொண்ட பென்டோடு. மூன்று முனை டிரையோடாக மாற்ற 6ஆம் முள்ளை 5ஆம் முள்ளான பிளேட்டுடன் சேர்க்கவும். கிரிட் 1ஆம் முள், கேத்தோடு 2, ஹீட்டர் 3, 4. ஏழாவது முள் உள்ளேயே கேத்தோடுடன் இணைந்தது. அதை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

உயர் மின்னழுத்தம் 120 வோல்ட். பிளேட் ரெசிஸ்டர் 100 கிலோஓம் மெட்டல் ஃபிலிம். கேத்தோடில் 2.2 கிலோஓம், அதற்கு இணையாக 220 மைக்ரோஃபாரட் 16 வோல்ட். இப்படி வைத்தால் ஏறக்குறைய 0.6 மில்லிஆம்பியர் ஓடும், பிளேட் 60 வோல்ட் அருகில் நிற்கும், கேத்தோடில் 1.3 வோல்ட் போல வரும். வால்வுக்கு வால்வு மாறும். பிளேட் 50க்கும் 70க்கும் இடையில் இருந்தால் விட்டுவிடலாம். கேத்தோடு 1 வோல்ட்டுக்குக் கீழே போனால் விடக்கூடாது, ரெசிஸ்டரை 2.7 அல்லது 3.3 கிலோஓமாக உயர்த்துங்கள். காரணம் பின்னால் வரும்.

பிளேட்டிலிருந்து 1 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் பாலிபுரோப்பிலீன் கெப்பாசிட்டர் வழியாக 10:1 வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். 10:1 என்றால் மின்தடை 100 மடங்கு மாறும்: மைக்கை இணைக்கும் 1.5 கிலோஓம் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வால்வுக்கு 150 கிலோஓமாகத் தெரியும், அதுதான் நமக்கு வேண்டியது. பணத்தை இதில் போடுங்கள். லுண்டால், சினிமேக் இரண்டுமே வால்வு மைக்குக்கென்று டிரான்ஸ்ஃபார்மர் செய்கின்றன.

கேப்சூல் பக்கம்: உயர் மின்னழுத்தத்தை 100 கிலோஓம், 100 கிலோஓம் என்று பாதியாக்கி 60 வோல்ட் எடுத்து, நடுவில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரால் தரைக்குக் கட்டவும். அங்கிருந்து 1 ஜிகாஓம் வழியாக கேப்சூலின் பின்தட்டுக்கு. முன் டயாஃபிரம் தரையில். பின்தட்டிலிருந்து 1000 பிகோஃபாரட் வழியாக கிரிட்டுக்கு. இரட்டை டயாஃபிரம் கேப்சூலாக இருந்து, முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மட்டும் போதும் என்றால் பின் டயாஃபிரத்தைப் பின்தட்டோடு சேர்த்துவிடுங்கள், தொங்க விடாதீர்கள். டயாஃபிரத்தைத் தரையில் வைப்பதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு: வெளியே தெரியும் பக்கத்தில் மின்னழுத்தம் இல்லாததால் தூசியையும் புகையையும் அதிகம் இழுக்காது. சாம்பிராணி போடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

கேப்சூல் தேர்வில் ஒரே ஓர் எச்சரிக்கை. 1960இல் வந்த நியூமன் யு67இன் கே67 கேப்சூல் மேல் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். அந்த மைக்கின் சுற்றே அதைப் பின்னூட்டத்தால் மீண்டும் தணிக்கும். மலிவு நகல்கள் பலவும் அந்த வகைக் கேப்சூலை எடுத்துக்கொண்டு தணிக்கும் பகுதியை விட்டுவிட்டன. மேலே சொன்ன எளிய சுற்றிலும் தணிப்பு கிடையாது. அதில் கே67 வகையை மாட்டினால் 'ஸ்', 'ஷ்' வரும் இடமெல்லாம் காதைக் கிழிக்கும். கே47 வகைதான் இதற்குப் பொருத்தம்.

பவர் சப்ளை: முதலில் இது, தனியாக

120 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லப் போதும். வீட்டில் ஆர்சிசிபி (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். அது மெயின்ஸிலிருந்து தரைக்குக் கசியும் மின்னோட்டத்தைத்தான் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் பிரிந்து நிற்கும் பக்கத்தில் நீங்கள் இரு முனைகளையும் தொட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அளப்பது என்ற பழைய வழக்கம் சும்மா வந்ததல்ல.

தனி உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர் தேடி அலைய வேண்டாம். முதல் டிரான்ஸ்ஃபார்மர் 230:12, 15 விஏ. அதன் 12 வோல்ட் இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று ஹீட்டர் ரெக்டிஃபையருக்கு. மற்றொன்று, பின்பக்கமாகத் திருப்பி மாட்டிய 6 விஏ டிரான்ஸ்ஃபார்மரின் 12 வோல்ட் பக்கத்துக்கு. இந்த இரண்டாவது, 115+115 என்று இரட்டைச் சுருள் உள்ளதாக இருக்கட்டும். அந்த இரண்டையும் இணையாகக் கட்டினால் 100 வோல்ட் சொச்சம் மாறுமின்சாரம் வரும். கட்டம் (ஃபேஸ்) மாறிக் கட்டினால் குறுக்குச்சுற்று ஆகிவிடும்: முதலில் ஒரு முனையை மட்டும் சேர்த்து, மற்ற இரு முனைகளுக்கு இடையே அளந்து, பூஜ்யம் வந்தால் மட்டும் சேருங்கள்.

பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு 1என்4007 டையோடு நான்கு. பிறகு 47 மைக்ரோஃபாரட் 250 வோல்ட், 4.7 கிலோஓம், மீண்டும் 47, மீண்டும் 4.7 கிலோஓம் என்று மூன்று கட்டம். நான்கு கெப்பாசிட்டர், மூன்று ரெசிஸ்டர். பிளேட்டுக்கு 0.6, கேப்சூலுக்காக 120ஐப் பாதியாக்கும் பிரிப்பானுக்கு 0.6, ஆக 1.2 மில்லிஆம்பியர் ஓடும்போது ரெசிஸ்டர்களில் 17 வோல்ட் இறங்கி 120ஐ ஒட்டி நிற்கும். ஒவ்வொரு கட்டமும் 100 ஹெர்ட்ஸ் அலையை 43 டெசிபல் அடக்கும். உயர் மின்னழுத்தத்துக்கு ரெகுலேட்டர் தேவையில்லை என்பது என் கட்சி: பழுதாக ஒரு பொருள் குறைவு. முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோஓம் 1 வாட் கட்டாயம். அணைத்த பிறகு மூன்று நிமிடம் பொறுத்து, அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே என்று கண்ணால் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

ஹீட்டருக்கு எல்எம்317, சிறிய ஹீட்சிங்க்குடன். 240 ஓமும், 820 ஓமோடு 200 ஓம் டிரிம்மரும் வைத்தால் 5.6 முதல் 6.6 வோல்ட் வரை திருகலாம். வால்வின் முள்ளில் அளந்து 6.0 வோல்ட்டில் நிறுத்துங்கள், சப்ளைப் பெட்டியில் அல்ல. கேபிளில் கொஞ்சம் விழும். 6.3ஐவிடச் சற்றுக் குறைப்பது கிரிட் மின்னோட்டத்தை அடக்கும். பழைய நியூமன் யு47 மைக்கில் இருந்த விஎஃப்14 வால்வின் ஹீட்டர் 55 வோல்ட்டுக்கானது. நியூமன் அதைச் சுமார் 36இல்தான் ஓட்டியது.

பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். பெட்டிக்குள்ளே மெதுவாக எரியும் 250 மில்லிஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. பெட்டி உலோகம் என்றால் எர்த் கம்பி நட்டு போல்ட்டால் இறுக்கியிருக்க வேண்டும், சால்டர் மட்டும் போதாது.

மைக்கை இணைக்கும் முன் போலிச் சுமை வைத்துச் சோதிக்கவும்: ஹீட்டருக்கு 33 ஓம் 5 வாட், உயர் மின்னழுத்தத்துக்கு 100 கிலோஓம் 1 வாட். ஒரு மணி நேரம் ஓடட்டும். மைக்கையும் சப்ளையையும் சேர்க்கும் ஏழு முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பு ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் வரிசையை எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கடையில் வாங்கிய சப்ளையை இதில் செருகிப் பார்க்கும் விபரீதம் வேண்டாம்.

அந்த இரண்டு அங்குலம்

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், பெட்டி, பிளக் எல்லாம் சிம் லிம் டவரில் ஒரே நடையில் முடியும்; தேக்காவில் காப்பி குடித்துவிட்டு நடந்தே போகலாம். ஜிகாஓம் ரெசிஸ்டர், டெஃப்லான் தூண், கேப்சூல், மைக் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை இணையத்தில் வரவழைப்பதே சுலபம். 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்தட்டு, கிரிட், இரண்டு ஜிகாஓம் ரெசிஸ்டர், 1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டர்: இவை சேரும் எந்தப் புள்ளியும் சாதாரணச் சுற்றுப்பலகையைத் தொடக்கூடாது. கண்ணாடி இழைப் பலகை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. டெஃப்லான் தூண்களை நட்டு, அவற்றின் மேல் காற்றிலேயே கட்டுங்கள். வால்வு சாக்கெட்டின் 1ஆம் முள்ளுக்கான உலோகப் பிடியைக் கழற்றி எடுத்து, அதைத் தனியாக வால்வின் முள்ளில் மாட்டி, கம்பியை அங்கிருந்தே இழுத்துவிட்டால் சாக்கெட்டின் கசிவுப் பிரச்சினையே இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

ஜிகாஓம் ரெசிஸ்டரின் உடலைக் கையால் பிடிக்காதீர்கள், காலைப் பிடியுங்கள். 1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் பாலிஸ்டைரீனாகவோ டெஃப்லானாகவோ இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால்: அதன் ஒரு பக்கம் 60 வோல்ட், மறு பக்கம் பூஜ்யம். அதன் காப்பு 100 ஜிகாஓம் என்றால், கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் 60 வோல்ட் அதன் வழியே 0.6 நானோஆம்பியரைத் தள்ளும், அது 1 ஜிகாஓம் கிரிட் ரெசிஸ்டரில் 0.6 வோல்ட்டாக நிற்கும். 1.3 வோல்ட் பயஸில் (கேத்தோடைவிட கிரிட் கீழே இருக்க வேண்டிய அளவு) பாதி போய்விட்டது. ஆயிரம் ஜிகாஓமுக்கு மேல் காப்பு உள்ளதே வேண்டும். பாலிஸ்டைரீன் சூட்டில் உருகும். சால்டர் வைக்கும்போது கால்களை இடுக்கியால் பிடித்து வெப்பத்தை உறிஞ்ச விடுங்கள்.

முடித்ததும் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் இருமுறை கழுவுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு சரிவராது. மீதி 30 தண்ணீர். ஆல்கஹால் கேப்சூல் பக்கம் போகக்கூடாது, கேப்சூலை மாட்டும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பத்து நிமிடம். அதன் பிறகு விரல் படக்கூடாது.

அளக்கும்போது ஏமாறும் இடம்

'பின்தட்டில் 60 வோல்ட் வரவில்லை, அரை வோல்ட்தான் காட்டுகிறது' என்ற புலம்பலைக் கேட்காத மைக் குழு இல்லை. மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 1 ஜிகாஓமுக்குப் பின்னால் அதை வைத்தால் நூற்றில் ஒரு பங்குதான், 0.6 வோல்ட், தெரியும். மைக்கில் கோளாறு இல்லை, மீட்டரே கசிவாகிவிட்டது. ரெசிஸ்டருக்கு முன்னால், பிரிப்பானின் நடுப்புள்ளியில் அளங்கள். கிரிட்டையும் நேராக அளக்க முடியாது. பிளேட்டை அளந்து கிரிட்டை ஊகிக்க வேண்டும்.

அதற்கான சோதனை இது. கேப்சூலைக் கழற்றுங்கள். மைக்கைப் பதினைந்து நிமிடம் சூடாக விட்டு, பிளேட் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காப்பிட்ட கிளிப்பால் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரிட்டுக்கும் தரைக்கும் இடையே வையுங்கள். ஜிகாஓமுக்கு முன் அது குறுக்குச்சுற்று மாதிரிதான். பிளேட் அரை வோல்ட்டுக்குள் அசைந்தால் நல்லது. 2, 3 வோல்ட் மேலே ஏறினால், கிரிட் இதுவரை நேர்மின் பக்கம் தள்ளப்பட்டிருந்தது என்று பொருள்: வால்வுக்குள் வாயு மிச்சமிருக்கிறது, அல்லது கெப்பாசிட்டர் கசிகிறது. எது என்று பிரிக்க, அணைத்து, 60 வோல்ட் பிரிப்பானின் மேல் ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். இப்போதும் ஏறினால் வால்வு. ஏறாவிட்டால் கெப்பாசிட்டர் அல்லது அதைச் சுற்றிய மேற்பரப்பு. மாறாக, 1 மெகாஓம் வைத்ததும் பிளேட் இறங்கினால், கிரிட் எலக்ட்ரான்களைப் பிடித்து எதிர்மின் பக்கம் போயிருந்தது, பயஸ் போதவில்லை. கேத்தோடு 1 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று சொன்னது இதற்குத்தான்.

புது வால்வை இந்தச் சோதனையில் உடனே தள்ளிவிட வேண்டாம். 48 மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பல வால்வுகள் அதற்குள் அடங்கிவிடும். அடங்காதது அடங்காது.

சத்தங்கள்

முதலில் கேப்சூலையும் சுற்றையும் பிரியுங்கள். கேப்சூல் இருக்கும் இடத்தில் 68 பிகோஃபாரட் பாலிஸ்டைரீன் அல்லது மைக்கா கெப்பாசிட்டரை மாட்டி, மைக் உடலை மூடிக் கேளுங்கள். மூடாமல் கேட்டால் வீட்டு மின்கம்பிகளின் உறுமல்தான் கேட்கும். பொரியல் தொடர்ந்தால் சுற்று, நின்றால் கேப்சூல். சுற்று என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் இரண்டு நிமிடம் காட்டுங்கள். உடனே அமைதியாகி, அரைநாள் கழித்துத் திரும்பி வந்தால் ஈரம்தான், மறுபடி கழுவ வேண்டும். சூட்டுக்கு அசையாத 'ஷ்ஷ்' என்றால் வால்வு அல்லது பிளேட் ரெசிஸ்டர். கார்பன் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதை முதலில் தூக்குங்கள்.

உறுமல் 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்பதைக் கைப்பேசியின் ஸ்பெக்ட்ரம் செயலியிலேயே பார்க்கலாம். 50 என்றால் மறைப்பு சரியில்லை: கேப்சூலை மூடும் தலைக்கூட்டுக்கும் உடலுக்கும் இடையே பெயின்ட் தடுத்திருக்கும், திருகும் இடத்தைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொடச் செய்யுங்கள். இல்லையென்றால் சப்ளைப் பெட்டி மைக் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். 100 என்றால் ரெக்டிஃபையரிலிருந்து முதல் கெப்பாசிட்டருக்குப் போய்த் திரும்பும் மின்னோட்டம் மற்றவற்றின் தரைக்கம்பியில் ஓடுகிறது. அந்தக் கெப்பாசிட்டரின் எதிர்முனைக்கு நேரடிக் கம்பி போட்டு, தரை அங்கிருந்தே தொடங்கட்டும். கைப்பேசி அருகில் வந்தால் 'தட் தட் தட்' என்று அடிக்கும் பழைய தொல்லை, 2017இல் 2ஜி சேவை நிறுத்தப்பட்டதோடு இங்கே பெரும்பாலும் ஒழிந்தது.

வால்வைப் பென்சிலால் தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கிறதா? சாக்கெட்டை ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டு, வால்வுக்கு இரண்டு சிலிகான் வளையம் மாட்டுங்கள். அப்படியும் பாடினால் அடுத்த வால்வு. நாதஸ்வரம் பதிவுசெய்யும்போது கரகரத்தால் மைக்கைப் பிரிக்கும் முன் ப்ரீஆம்பில் சமிக்ஞையைக் குறைக்கும் 'பேட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் திணறுவது அதுதான்.

ஒலியின் கட்டத்தையும் (ஃபேஸ்) ஒருமுறை சரிபாருங்கள். காற்று முன்னால் அழுத்தினால் கேப்சூலின் கொள்ளளவு கூடும், மின்னூட்டம் மாறாததால் பின்தட்டின் மின்னழுத்தம் இறங்கும், கிரிட் இறங்கும், பிளேட் ஏறும். பிளேட் ஏறும்போது ஒலி வெளியீட்டு எக்ஸ்எல்ஆரின் 2ஆம் முள் நேர்மின் ஆக வேண்டும். தலைகீழாக வந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டு இரண்டு கம்பிகளை மாற்றினால் சரி.

வைத்திருப்பது

கேமரா கடையில் விற்கும் உலர் பெட்டி, 40 முதல் 50 விழுக்காட்டில். பதிவுக்கு அரை மணி முன்பே மின்சாரம் கொடுத்துவிடுங்கள். ஹீட்டரின் 1 வாட் சூடு உடலுக்குள் இருக்கும் ஈரத்தை விரட்டும்.

ஏர்கான் அறையில் குளிர்ந்து கிடந்த மைக்கை அப்படியே கோயில் மண்டபத்துக்கோ சமூக மன்றத்துக்கோ தூக்கிப் போகாதீர்கள். இங்கே வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். 22 டிகிரியில் இருந்த டயாஃபிரத்தின் மேல் குளிர்பானக் குவளையில்போல் நீர் கோக்கும். ஸிப் பையில் போட்டு மூடி எடுத்துச் சென்று, போன இடத்தில் முக்கால் மணி நேரம் பைக்குள்ளேயே கிடக்க விடுங்கள். பையின் வெளிப்புறம் உலர்ந்த பிறகு திறங்கள்.